நாகையிலிருந்து 12 கிலோமீட்டர்: மனக்காயத்தோடு வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களுக்கு

நாகப்பட்டினத்தில் இறங்கி வேளாங்கண்ணிக்கு நடந்தால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். லூக்கா நற்செய்தி 24ஆம் அதிகாரத்தில், எருசலேமை விட்டு எம்மாவுக்குப் போன இரண்டு சீடர்கள் நடந்த தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்: 11 கிலோமீட்டர். நம்பியிருந்தவர் சிலுவையில் இறந்து மூன்றாம் நாள். முகம் வாடிப்போய், நடந்ததையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டு போகிறார்கள். வழியில் வந்து சேர்ந்த இயேசு, "என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள்?" என்று கேட்கிறார். அவருக்குத் தெரியாத கதையா அது? ஆனாலும் அவர்கள் வாயாலேயே முழுவதையும் சொல்ல விடுகிறார். "நம்பியிருந்தோமே" என்ற சொல்லில் அவர்களுடைய ஏமாற்றம் மொத்தமும் வெளியே வருகிறது. மறைநூல் விளக்கம் அதற்குப் பிறகுதான்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், கட்டிய கணவனிடமே அடிபட்டவர்கள், சிறு வயதில் யாரோ செய்த கொடுமையை இன்றுவரை வாய்திறந்து சொல்லாதவர்கள், வீட்டில் ஒருவர் தற்கொலை செய்துகொண்ட பின் ஊர்முகத்தில் விழிக்க முடியாதவர்கள் என்று ஆரோக்கிய மாதாவிடம் வருகிறவர்களில் பலருக்கு உடம்பில் நோய் இருக்காது. "போய்ட்டு வந்தா எல்லாம் மறந்துடும்" என்று சொல்லித்தான் வீட்டார் அனுப்பிவைப்பார்கள். அப்படி மறப்பதற்காகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள். எம்மாவுப் பாதையில் நடந்ததுபோல், நடந்ததைக் கடவுள் முன் முழுசாகச் சொல்வதற்காகப் போவதே சரி.

எப்போது போவது என்பது முக்கியம். ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றம், செப்டம்பர் 7 இரவு பெரிய தேர், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. அந்த நாட்களில் காவி உடுத்திய பாதயாத்திரைக் கூட்டங்கள் லட்சக்கணக்கில் வந்து சேரும். விழாவின் அழகு தனி. ஆனால் காயம் புதிதாக இருக்கிறவர்களுக்கு அது ஏற்ற நேரமில்லை. நெரிசலில் முன்பின் தெரியாதவர்கள் உடம்போடு உரசும்போது, வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் பழைய பயம் அப்படியே திரும்பி வரும். மூச்சு முட்டும், கை நடுங்கும். கோயிலுக்குள் நின்றபடி இப்படி ஆனால், "எனக்குப் பக்தியே இல்லை போல" என்ற குற்ற உணர்வும் மேலே வந்து ஏறிக்கொள்ளும். அது பக்திக் குறைவு இல்லை, உடம்பு பழைய ஆபத்தை நினைவில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பெருவிழாவையும் கிறிஸ்துமஸ் விடுமுறையையும் தவிர்த்து, ஒரு சாதாரண வாரநாளில், இரண்டு இரவு தங்கும்படி போங்கள். காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணத்தில் தரிசனம் முடியும், மனம் திறக்க நேரம் இருக்காது. கூட ஒருவர் போதும். நீங்கள் அழும்போது பேசாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவராக அவர் இருக்கட்டும். வேன் பிடித்துச் சொந்தக்காரர் பதினைந்து பேரோடு போனால், யார் சாப்பிட்டார்கள், யார் மொட்டை போட்டார்கள் என்பதிலேயே பொழுது போய்விடும்.

போய்ச் சேர்ந்த முதல் மாலை எதுவும் செய்ய வேண்டாம். 1 அரசர் 19ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் அடியில் விழுந்து, "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். வந்த வானதூதர் அவருக்குப் போதனை செய்யவில்லை, கண்டிக்கவுமில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்து, "எழுந்து சாப்பிடு" என்கிறார். எலியா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. ஓரேபு மலைக்கு நடந்ததும் கடவுளின் மெல்லிய குரலைக் கேட்டதும் அதன் பிறகு. ஆகவே சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். மனநோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை வழக்கமான நேரத்திலேயே போடுங்கள். "மாதாவை நம்பி மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. மன அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் வரலாம்; சில நாளில் பழைய நிலை இன்னும் மோசமாகத் திரும்பலாம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதை விசுவாசக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

மறுநாள் விடியற்காலை, மணல் குளிர்ந்திருக்கும்போதே, பேராலயத்தையும் மாதா குளத்தையும் இணைக்கும் புனிதப் பாதைக்குப் போய்விடுங்கள். முழங்காலில் போகிறவர்களைப் பார்க்கலாம். முழங்காலில்தான் போக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. போவதென்றால் கெட்டியான துணியை இரண்டு மூன்று மடிப்பாக முழங்காலில் கட்டிக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய பிறகு மணல் சுடும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோல் உரிந்தது உடனே தெரியாது, புண் ஆறவும் நாளாகும். அவர்கள் நடந்தே போகட்டும். மனக்காயத்தோடு வருகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். "எனக்கு நடந்ததுக்கு நானே காரணம், என்னை நானே தண்டிச்சுக்கணும்" என்ற எண்ணம் உள்ளே இருந்தால் முழங்காலில் போகாதீர்கள். தவம் அன்பினால் வருவது. தன்னைத் தானே வெறுப்பதைத் தவம் என்று சொல்ல முடியாது.

இயேசுவின் பாடுகளை ஒவ்வொன்றாக நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் அரை மணி நேரத்தில் ஓட்டி முடிப்பதே பலருடைய பழக்கம். உங்களுக்கு ஒரே ஒரு நிலை போதும். 4ஆம் நிலையில் தாயும் மகனும் பார்த்துக்கொள்கிறார்கள், பேச்சே இல்லை. 6ஆம் நிலையில் வெரோணிக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து முகம் துடைக்கிறாள். உங்கள் கெட்ட காலத்தில் அப்படி வந்து நின்ற ஒருவரை நினைக்க அது இடம். 10ஆம் நிலையில் இயேசுவின் ஆடையை உரிகிறார்கள். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் இந்த நிலையில் கால் நகராமல் நின்றுவிடுவது உண்டு. பலர் பார்க்க அவமானப்படுத்தப்பட்ட உடம்பு கடவுளின் மகனுக்கும் இருந்தது என்று அப்போதுதான் உறைக்கும். 13ஆம் நிலையில் இறந்த மகன் தாயின் மடியில். உங்கள் கால் எங்கே நிற்கிறதோ அங்கேயே நில்லுங்கள், மீதியை விட்டுவிடலாம்.

அங்கே என்ன சொல்லிச் செபிப்பது? வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு தாளில் மூன்று வரி எழுதி வைத்திருங்கள்: என்ன நடந்தது, நான் எதை இழந்தேன், இப்போது எனக்கு எது வேண்டும். "ஆண்டவரே உமக்கு நன்றி" என்று தொடங்க வரவில்லையா, தொடங்காதீர்கள். திருப்பாடல் 88ஐத் திறந்து வாசித்துப் பாருங்கள். முறையீட்டுப் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும். இந்தப் பாடல் திரும்புவதேயில்லை, இருட்டைச் சொல்லியே முடிந்துபோகிறது. அதையும் திருச்சபை செபமாகத்தான் வைத்திருக்கிறது. கோபத்தோடு கேட்பதும் செபம்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

போகும் வழியில் மரக்கிளைகளில் சின்னச் சின்னத் தொட்டில்கள் கட்டியிருக்கும். விரல் நீளமே இருக்கும் மஞ்சள் துணி, உள்ளே சில நேரம் ஒரு சின்னப் பொம்மை, காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். பிள்ளை வரம் கேட்பவர்கள் கட்டியவை. கருச்சிதைவு ஆனவர்கள், பிறந்த குழந்தையை இழந்தவர்கள் இதைப் பார்த்ததும் நிலைகுலைந்துவிடலாம். கூட வருகிறவர் இதை முன்பே சொல்லிவைப்பது நல்லது. ஞானஸ்நானம் கொடுக்கும் முன் இறந்த குழந்தை என்ன ஆகும் என்று பயந்து வாழும் தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். 1992இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது, அவர்களுக்கு மீட்பு உண்டு என நம்ப இடமும் தருகிறது. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு அந்தக் குழந்தைக்கு அடக்கச் சடங்கும் செய்யலாம். அந்தக் குழந்தைக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள்.

தற்கொலையால் ஒருவரை இழந்தவர்களுக்கும் அதே மறைக்கல்வி ஆறுதல் வைத்திருக்கிறது. கடுமையான மனக்கலக்கமும் பெரும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் நிலைவாழ்வைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் 2282, 2283 எண்களில் சொல்கிறது. அவர்களுக்கு அடக்கத் திருப்பலி மறுத்த பழைய விதி 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் இல்லை. ஊரில் யாராவது "நரகத்துக்குத்தான்" என்று சொல்லியிருந்தால், அது திருச்சபையின் வாய்மொழி இல்லை. அவர் பெயரிலேயே திருப்பலிக் கருத்து (யாருக்காகத் திருப்பலி என்ற குறிப்பு) எழுதிக் கொடுங்கள். கூச்சப்பட்டு "ஒரு ஆன்மாவுக்காக" என்று மறைத்து எழுத வேண்டாம்.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. பிறர் உங்களுக்குச் செய்த கொடுமை உங்கள் பாவம் ஆகாது. அதை நீங்கள் அறிக்கையிடத் தேவையில்லை. சொல்ல வேண்டும்போல் இருந்தால், "இது என் பாவம் இல்லை சாமி, ஆனா இதைச் சுமந்துக்கிட்டு வந்திருக்கேன்" என்று தொடங்குங்கள். பின்னால் வரிசை நிற்கும்போது ஐந்து நிமிடத்துக்குமேல் கிடைப்பது அரிது. நீண்ட நேரம் பேச வேண்டுமென்றால், தனியாக நேரம் ஒதுக்க முடியுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாது. அதனால்தான் வேறெங்கும் சொல்ல முடியாததை இங்கே சொல்ல முடிகிறது. அதே காரணத்தால் அவரால் உங்களுக்காகப் போலீசுக்கோ வீட்டாரிடமோ பேசவும் முடியாது. உதவியும் வேண்டுமென்றால் அவரிடமே பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே மறுபடி சொல்ல வேண்டும்.

"மன்னிச்சிடும்மா, சேர்ந்து வாழு" என்று யாராவது சொல்லலாம், சில நேரம் குருவே சொல்லலாம். மன்னிப்பு வேறு, திரும்பப் போய் அடிபடுவது வேறு. பழிவாங்கும் உரிமையைக் கடவுள் கையில் விடுவது மன்னிப்பு. அதை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்தும் செய்யலாம், மெதுவாகவும் செய்யலாம். சேர்ந்து வாழ்வதற்கு எதிராளி மனம் மாறியாக வேண்டும். உயிர்த்த பிறகும் இயேசுவின் கைகளில் ஆணித் தழும்பு இருந்தது, தோமா அதைப் பார்த்துத்தான் அவரை அறிந்துகொண்டார். தழும்பு மிச்சமிருப்பதால் நீங்கள் இன்னும் மன்னிக்கவில்லை என்று ஆகிவிடாது.

நேர்ச்சை விஷயத்தில் அவசரம் வேண்டாம். அழுகையின் உச்சத்தில் "வருஷா வருஷம் நடந்து வரேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் வருடம் முடியாமல்போய், அடுத்து வீட்டில் எது நடந்தாலும் மாதாவின் கோபம் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. திருச்சபைச் சட்டப்படி நேர்ச்சை என்பது யோசித்து, சுதந்திரமாகக் கொடுக்கும் வாக்கு. நேர்ந்தவரே அதைச் சமமான அல்லது மேலான வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம். அதிலிருந்து விடுவிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. பழைய நேர்ச்சை நெஞ்சில் முள்ளாக இருந்தால் ஊர் திரும்பியதும் அவரிடம் போய்க் கேளுங்கள். காணிக்கை அருங்காட்சியகத்துக்கும் இந்தப் பயணத்தில் போகாவிட்டால் குறையில்லை. நன்றியாக வந்த வெள்ளி உருவங்களும் கடிதங்களும் நிறைந்த அறை, "எல்லாருக்கும் கிடைச்சது, எனக்கு மட்டும் ஏன் இல்லை" என்று சிலரைக் கேட்கவைத்துவிடும்.

அந்தக் கேள்வியோடு கடற்கரைக்குப் போகலாம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள். பேராலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள், கரையில் நின்ற திருப்பயணிகளைச் சுனாமி அலை கொண்டுபோனது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செத்தவர்களும் அதே மாதாவிடம் வந்தவர்கள்தான். "விசுவாசம் இருந்தா ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சை இந்தக் கரையில் நின்று யாரும் சொல்ல முடியாது. இலாசர் இறந்தபோது இயேசு செய்தது இங்கேயும் பொருந்தும்: கண்ணீர் விட்டார். பேசாமல் ஒரு செபமாலை சொல்லுங்கள், இயேசுவின் பாடுகளை நினைக்கும் துயர மறையுண்மைகள், இருபது நிமிடம் ஆகும். இடையில் எண்ணிக்கை தவறினால் பரவாயில்லை.

மூன்றாம் நாள் காலைத் திருப்பலி முடித்துக் கிளம்புங்கள். எம்மாவுச் சீடர்கள் அப்பம் பிட்கும்போது அவரைக் கண்டுகொண்டதும், இருட்டையும் பார்க்காமல் அதே 11 கிலோமீட்டர் எருசலேமுக்குத் திரும்பினார்கள். வேளாங்கண்ணியின் நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவனின் கதையும் இப்படித்தான். மாதா தம் குழந்தைக்காக அவனிடம் மோர் வாங்கிக்கொண்டு, நாகப்பட்டினத்துக்குப் போய்ச் செய்தி சொல்லச் சொன்னார் என்பது மரபு. கால் குணமானது எழுந்து புறப்பட்டபோதுதான் அவனுக்கே தெரிந்தது. அவன் போனது நாகைப் பக்கம், நீங்கள் ஊர் திரும்பும் அதே திசை.

ஊருக்குப் போனதும் இரண்டு வாரத்தில் மனம் மறுபடி தாழும். பயணம் பலிக்கவில்லை என்று அப்போது நினைக்க வேண்டாம். இறந்த நாள், பிறந்த நாள் வந்தாலும் அப்படித்தான் இருக்கும். அந்தத் தேதிகளை இப்போதே காலண்டரில் குறித்து, அன்று பக்கத்தில் இருக்கும்படி கூட வந்தவரிடம் சொல்லிவையுங்கள். மூன்று வரித் தாளைக் கிழிக்காமல் விவிலியத்துக்குள் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்து மூன்றாவது வரியை மட்டும் திருத்தி எழுதுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் செபத்தோடு சேர்த்து 14416க்கும் போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.