ஃபார்மேட் போடும் முன்: மெமரியும் இடமும் தீர்ந்துபோன வீட்டுக் கம்ப்யூட்டர்

‘சிஸ்டம் ரொம்ப ஸ்லோ’ என்று சொன்னதும் கடலூரானாலும் புதுச்சேரியானாலும் முதலில் வரும் பதில் ‘ஃபார்மேட் போட்டுடலாம்’ என்பதுதான். போட்டுக் கொடுத்தால் சில வாரம் நன்றாகவே ஓடும். சி டிரைவ் காலியாகியிருக்கும், தானாக ஸ்டார்ட் ஆகிற புரோகிராம்கள் போயிருக்கும். அப்புறம் பிரவுசர், ஆன்டிவைரஸ், பிரின்டர் சாஃப்ட்வேர், விண்டோஸ் அப்டேட் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ரேம் (புரோகிராம்கள் ஓடும்போது பயன்படும் தற்காலிக மெமரி) அதே 4 ஜிபி, ஹார்டு டிஸ்க்கும் அதேதான். பழைய கதை மறுபடி ஆரம்பிக்கும். எது தீர்ந்துபோச்சு என்று பார்க்காமல் ஃபார்மேட் போடக்கூடாது.

பார்ப்பதற்குத் தனி சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். வழக்கமாகத் திறந்து வைக்கிற எல்லாவற்றையும் திறந்துகொண்டு, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டுங்கள். ‘கமிட்டட்’ (புரோகிராம்கள் கேட்டிருக்கும் மொத்த மெமரி) என்ற இடத்தில் இரண்டு எண் இருக்கும். முதல் எண் உங்கள் ரேம் அளவைத் தாண்டியிருந்தால், 4 ஜிபி மெஷினில் 6.3 என்று காட்டினால், வேலைக்கு ரேம் போதவில்லை என்று அர்த்தம். அடுத்து டிஸ்க்கைத் தட்டுங்கள். ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தில் நிற்கும், ஆனால் படிக்கும் வேகமோ 1 எம்பி, 2 எம்பி என்று இருக்கும். ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ நூற்றுக்கணக்கான மில்லி செகண்டில் போகும். இவையெல்லாம் ஒன்றாகத் தெரிந்தால் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. வைரஸைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ரேம் நிரம்பியதும் விண்டோஸ் அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை சி டிரைவில் உள்ள பேஜ்ஃபைலுக்குத் தள்ளும். திரும்ப வேண்டும்போது அங்கிருந்து எடுக்கும். எடுப்பதெல்லாம் பெரும்பாலும் 4 கேபி துண்டுகள், டிஸ்க்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பவை. சுற்றும் ஹார்டு டிஸ்க்கின் ஹெட் (படிக்கும் முனை) ஒவ்வோர் இடத்துக்கும் நகர்ந்து நிலைக்கச் சுமார் 10 மில்லி செகண்டு ஆகும். செகண்டுக்கு 100 இடம் தொட்டால், கணக்கு 400 கேபிதான் வருகிறது. பெரிய சினிமா ஃபைலை 100 எம்பி வேகத்தில் காப்பி பண்ணுகிற அதே டிஸ்க்தான் இங்கே திணறுகிறது. இதோடு சி டிரைவும் நிரம்பியிருந்தால் பேஜ்ஃபைல் பெரிதாக இடம் கிடைக்காது. புரோகிராம்கள் திடீரென மூடிக்கொள்ளும், அப்டேட் பாதியில் நிற்கும், நின்ற அப்டேட் மறுபடி முதலிலிருந்து டவுன்லோடு ஆகும். ரேம் பற்றாக்குறையும் இடப் பற்றாக்குறையும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. அதனால்தான் பேஜ்ஃபைலை நிறுத்திவிட்டால் வேகம் கூடும் என்ற யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. நிறுத்தினால் வேகம் கூடாது, மெமரி இல்லை என்ற செய்திதான் வரும்.

எதையும் அழிப்பதற்கு முன் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். நீலம் என்றால் நல்லது. மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தால் 05, சி5, சி6 என்ற வரிசைகளைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்) கெட ஆரம்பித்துவிட்டன. அந்த நிலையில் டிஃபிராக் (சிதறிய ஃபைல்களை அடுக்குவது) போடுவது, செக்டிஸ்க் (டிஸ்க் பிழைகளைத் தேடுவது) ஓட்டுவது, ஃபார்மேட் போடுவது எல்லாமே தப்பு. போட்டோ, பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன், பத்திர நகல், டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) பேக்கப் இவற்றை முதலில் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

இடத்தைக் காலி செய்வதை ஊகத்தில் செய்யக்கூடாது. விஸ்ட்ரீ என்ற சாஃப்ட்வேரை ஓட்டினால், எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று சில செகண்டில் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிக் காட்டும். நம் ஊரில் அசெம்பிள் செய்த பல மெஷின்களில் சி டிரைவுக்கு 100 ஜிபி ஒதுக்கிவிட்டு மீதியை டி, இ என்று பிரித்திருப்பார்கள். டி டிரைவில் 300 ஜிபி சும்மா கிடக்கும், சி டிரைவ் சிவப்பில் நிற்கும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே சி டிரைவுக்குள் இருப்பதுதான் காரணம். டெஸ்க்டாப்பில் வைத்த கல்யாண வீடியோ உட்பட.

இவற்றைக் கட் பண்ணி ஒட்ட வேண்டாம். முதலில் டி டிரைவில் டவுன்லோட்ஸ் என்று புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு பழைய டவுன்லோட்ஸ் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொக்கேஷன், மூவ்; புது ஃபோல்டரைக் காட்டினால் உள்ளிருப்பதெல்லாம் போய்ச் சேரும், இனி இறங்குவதும் அங்கேயே இறங்கும். ஃபோல்டர் உருவாக்காமல் நேராக டி டிரைவையே காட்டிவிட்டால் முழு டிரைவும் டவுன்லோட்ஸ் என்று ஆகிவிடும், அதைத் திருப்பி எடுப்பது பெரும் தலைவலி. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனி ஃபோல்டர் கட்டாயம்.

அடுத்து டிஸ்க் கிளீனப். அதைத் திறந்து ‘கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ பட்டனை அழுத்தினால்தான் பழைய அப்டேட் மிச்சங்களும் முந்தைய விண்டோஸும் பட்டியலில் வரும். முந்தைய விண்டோஸ் மட்டுமே பல ஜிபி இருக்கும். அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு கட்டம் வரலாம், அதில் டிக் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஹைபர்னேட் (ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) பயன்படுத்தாதவர்கள் அதற்கான ஃபைலையும் நீக்கலாம். ரேமில் சுமார் 40 சதவீத அளவுக்கு அது இடம் பிடிக்கும், 8 ஜிபி மெஷினில் 3 ஜிபிக்கு மேல். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி என்று ஒரே சொல்லாக (பி, ஓ, டபிள்யூ, இ, ஆர், சி, எஃப், ஜி) அடித்து, இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடும் ஹெச் எழுத்தும், மறுபடி இடைவெளி விட்டு ஆஃப் என்று அடியுங்கள். இதோடு சீக்கிரம் ஆன் ஆக உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும். ஹார்டு டிஸ்க்கில் ஓடும் மெஷின் ஆன் ஆக இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும், எஸ்எஸ்டியில் (சுற்றும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) பெரிதாகத் தெரியாது.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ், இன்ஸ்டாலர் ஆகிய இரண்டும் பெரிதாகத் தெரிகின்றன என்று கையால் அழிக்காதீர்கள். முதலாவதை அழித்தால் அப்டேட் உடையும். இரண்டாவதை அழித்தால் ஆபீஸ் போன்றவற்றைப் பின்னால் அன்இன்ஸ்டால் செய்யவே முடியாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர், ‘பூஸ்டர்’ வகை சாஃப்ட்வேர்களும் வேண்டாம். அவையே பின்னால் ஓடி மெமரியைத் தின்பவை. சி டிரைவில் 20 ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கம் போய் அப்டேட்டர், மீட்டிங் ஆப், கேம் லாஞ்சர் போன்றவற்றை டிஸேபிள் செய்யுங்கள். டச்பேட், ஆடியோ சம்பந்தப்பட்டதைத் தொட வேண்டாம். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுங்கள். குரோமில் மெமரி சேவரை ஆன் செய்துவிட்டு, ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்திப் பாருங்கள்; எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று அங்கேயே தெரியும்.

இவ்வளவும் காசு செலவில்லாத வேலை. இதற்கு மேல் பொருள் வாங்கித்தான் ஆக வேண்டும். ஒன்றுதான் இப்போது முடியும் என்றால், 4 ஜிபி ரேம் உள்ள மெஷினுக்கு முதலில் எஸ்எஸ்டி போடுங்கள் என்பேன். ரேம் நிரம்பி வழிந்தாலும், வழிவது செகண்டுக்கு 100 இடம் தொடும் டிஸ்க்குக்கு அல்ல, ஆயிரக்கணக்கில் தொடும் ஒன்றுக்குப் போகிறது. பழைய மதர்போர்டில் சாட்டா 2 போர்ட்தான் (டிஸ்க்கை மாட்டும் பழைய, மெதுவான இணைப்பு) இருக்கிறது என்றாலும் தயங்க வேண்டாம். பெரிய ஃபைல் காப்பி வேகம் பாதியாகும், அன்றாட வேகம் அப்படியே கிடைக்கும். எந்த வகை எஸ்எஸ்டி, 2.5 இன்ச் சாட்டாவா, எம்.2 சாட்டாவா, இன்னும் வேகமான என்விஎம்இயா என்பது மதர்போர்டைப் பொறுத்தது. எம்.2 ஸ்லாட் இருப்பதால் மட்டும் என்விஎம்இ ஓடிவிடாது, மேனுவலைப் பாருங்கள். டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப்பானால் அதைக் கழற்றிய இடத்தில் கேடி (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) வைத்துப் பழைய டிஸ்க்கைப் போடலாம். கேடி 9.5 எம்எம், 12.7 எம்எம் என்று இரண்டு தடிமனில் வரும், அளந்து வாங்குங்கள். எஸ்எஸ்டி மெயின் ஸ்லாட்டில்தான் இருக்க வேண்டும்.

பழைய டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தால் அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் (முழு நகல்) செய்யலாம். குளோன்ஸில்லா என்ற இலவச சாஃப்ட்வேரில் ஒரு சிக்கல் உண்டு: 500 ஜிபி டிஸ்க்கிலிருந்து 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு நேராகப் போகாது, முன்னதாக டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். பிட்லாக்கர் (டிஸ்க்கை ரகசியக் குறியீட்டில் வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருந்தால் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். குளோன் முடிந்ததும் முதல் தடவை ஆன் செய்யும் முன் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இல்லையேல் எதிலிருந்து ஓடுகிறது என்று தெரியாமல் குழப்பம் வரும். டிஸ்க் கெட ஆரம்பித்திருந்தால் குளோன் வேண்டாம், புதிதாக விண்டோஸ் போடுவதே சரி. டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாற்றியதால் போகாது. ஆன்லைனில் நம்ப முடியாத குறைந்த விலைக்கு வரும் 2 டிபி எஸ்எஸ்டிகளை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சாஃப்ட்வேர் கொண்டு முழுதாக எழுதிப் படித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

ரேம் வாங்கப் போகும்போது பழைய ஸ்டிக்கைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். லேபிளில் பிசி3எல்-12800எஸ் என்று இருந்தால் டிடிஆர்3எல் என்ற ரேம் வகை, 1600 வேகம், லேப்டாப் அளவு. அந்த ‘எல்’ முக்கியம். அது 1.35 வோல்ட், ‘எல்’ இல்லாதது 1.5 வோல்ட். நான்காம் தலைமுறை இன்டெல் தொடங்கிப் பல லேப்டாப்கள் 1.35 மட்டுமே கொடுக்கும், மற்றதைப் போட்டால் டிஸ்ப்ளே வராது. டிடிஆர்4 ஸ்டிக்கின் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஸ்லாட்டில் உட்காராது. 32 பிட் விண்டோஸ் இருந்தால் 8 ஜிபி போட்டும் பயனில்லை, 4 ஜிபிக்குள்தான் எடுக்கும். போட்ட பிறகு டாஸ்க் மேனேஜரில் ‘ஹார்டுவேர் ரிசர்வ்ட்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே பாதி ரேம் போயிருந்தால் ஸ்டிக் சரியாக உட்காரவில்லை, அல்லது எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் செட்டிங்கில் பூட் பகுதியில் யாரோ ‘மேக்சிமம் மெமரி’ டிக் போட்டிருக்கிறார்கள்.

நம் கடற்கரையில் ரேம் விஷயத்தில் இன்னொன்று உண்டு. தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம், வைத்திக்குப்பம் பக்கம் ஜன்னல் திறந்தே இருக்கும் வீடுகளில் உப்புக்காற்று கேபினட்டுக்குள்ளும் போகும். ஸ்டிக்கைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தங்க நிறக் கால்களின் மேல் மங்கலான படலமோ பழுப்புப் புள்ளியோ தெரியும். 8 ஜிபி போட்டது திடீரென 4 என்று காட்டுவதும், பீப் அடித்து நிற்பதும் பல நேரம் இதனால்தான். கரண்ட்டை முழுதாகத் துண்டித்து, லேப்டாப்பானால் பேட்டரியையும் எடுத்து, கையால் ஒரு இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மென்மையான பென்சில் ரப்பரால் கால்களின் நீளவாக்கில் லேசாகத் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், தங்கப் பூச்சே போய்விடும். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

ரேமும் டிஸ்க்கும் சும்மா இருந்தும் மெஷின் தவழ்ந்தால் டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகத்தைப் பாருங்கள். வேலை நடக்கும்போதும் 0.8 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவில்லை என்றால் சூடு அல்லது அடாப்டர் கோளாறு. கத்திரி வெயிலில் ஃபேனில் அடைந்த தூசியே போதும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் பேட்டரியையும் கவனியுங்கள். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்ப் போய் வந்தால் ஃபைல் சிஸ்டம் உடைகிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று புயல் கரையேறுகிற பகுதி நம்முடையது. கேபினட் தரையில் இருக்க வேண்டாம். தண்ணீர் புகுந்த ஹார்டு டிஸ்க்குக்குக் காயவைத்துக்கூட கரண்ட் கொடுக்காதீர்கள். டேட்டா வேண்டுமென்றால் ரெக்கவரி செய்பவர்களிடம் அப்படியே கொடுங்கள்.

2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீட்டில் இருக்கின்றன. அவற்றில் 2 ஜிபி ரேம் உள்ளதை விண்டோஸ் 10-ஓடு இழுத்துப் பிடிக்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பதிவு செய்தவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை நீள்கிறது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ. முடியாத மெஷினில் எஸ்எஸ்டி போட்டு, ரேமை 4 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பைப் போடுங்கள். பென்டிரைவிலிருந்து இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டி வைஃபை, சவுண்ட், பிரின்டர், தமிழ் டைப்பிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். டேலிக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் விண்டோஸையே நம்பியிருப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

கழற்றிய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி கேஸ் வாங்கி அதில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். 3.5 இன்ச் டிஸ்க்குக்குத் தனி பவர் அடாப்டர் உள்ள கேஸ்தான் வேண்டும். எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால், விண்டோஸின் டிஸ்க்பார்ட் கமாண்டில் சரியான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ‘கிளீன் ஆல்’ கொடுத்துப் பூஜ்யம் எழுதிவிட்டுக் கொடுங்கள். 500 ஜிபிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். வெறும் குயிக் ஃபார்மேட் போட்ட டிஸ்க்கிலிருந்து உங்கள் ஆதார் ஸ்கேனும் குடும்பப் படங்களும் சாதாரண ரெக்கவரி சாஃப்ட்வேரிலேயே திரும்பி வந்துவிடும்.