அட்டமியில் இறங்கும் தண்ணீர்

அந்த விடைத்தாளில் இரண்டு மதிப்பெண் குறைத்தது சரிதான். இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கப்புறம் அந்தப் பெண் கேட்டதுதான் விடமாட்டேன் என்கிறது.

கேள்வி, கனடாவின் வான்கூவர் தீவில் உள்ள சானிச் நுழைகுடா பற்றியது. உள்ளே ஆழம் சுமார் 230 மீட்டர். வாசலில் 70 மீட்டர் சொச்சத்தில் ஒரு மேடு. மேடு மறிப்பதால் அடித்தண்ணீர் வருஷத்தில் பெரும்பகுதி ஆக்சிஜன் இல்லாமல் கெட்டுக்கிடக்கும். கோடை கடைசியில்தான் வெளியிலிருந்து கனமான தண்ணீர் மேட்டைத் தாண்டி உள்ளே இறங்கும்.

அமாவாசை, பௌர்ணமியில் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, பலமாக இருப்பதால் நன்றாகக் கலக்கும், ஆகவே அப்போதுதான் அடித்தண்ணீர் புதிதாகும் என்று எழுதியிருந்தாள். நடப்பது நேர்மாறு. பலமான ஓதம் வெளியே தீவுகளுக்கு நடுவிலேயே மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்கி, உள்ளே வரவேண்டிய தண்ணீரின் கனத்தைக் குறைத்துவிடும். அட்டமியை ஒட்டிய சின்ன ஓதத்தில்தான் கனம் கெடாமல் வந்து சேரும். நாம் நல்ல காரியத்துக்கு ஒதுக்கிவைக்கும் அதே அட்டமி!

சேலத்தில் கடலுக்கு எங்கே போவது? லேபில் மீன்தொட்டிக்கு நடுவே செங்கல் வைத்து, பர்மாங்கனேட் கலந்த உப்புத்தண்ணீரை ஊற்றித்தான் காட்டினேன். மெதுவாக ஊற்றியபோது ஊதா நிறம் செங்கல்லை ஒட்டி வழிந்து அடியில் படர்ந்தது. செங்கல் மேல் கரண்டியால் கலக்கியபோது பாதி ஆழத்திலேயே நின்றுவிட்டது. ஒரு பையன் இன்னும் வேகமாகக் கலக்க, தொட்டி முழுக்க ஊதா.

"வேகமா கலக்கினப்போ கலர் அடிவரைக்கும் போச்சே சார்?"

"தொட்டி வேற, கடல் வேறம்மா."

"அப்போ எதுக்கு சார் தொட்டியில காட்டினீங்க?"

மேடு மறிப்பதைக் காட்டத்தான் என்றேன். பொய்யில்லை. அவ்வளவு பெரிய கரண்டி எந்தக் கடலில் இருக்கிறது? ஆனால் ஆழமில்லாத, வாசலில் மேடில்லாத குடாவில் பலமான ஓதம் அடிவரை கலக்கத்தான் செய்யும்; அங்கே அவள் எழுதியதுதான் சரி. கேள்வியில் சானிச் என்று பெயர் போட்டிருந்தேனே, அது போதாதா? போதும்தான். ஆனால் அவள் ஏற்காட்டுக்காரி. ஓதமே இல்லாத ஏரியில் காற்றும் மார்கழிக் குளிரும் தண்ணீரைப் புரட்டுவதைப் பற்றி அவளிடம் கேட்டிருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பாளோ என்னவோ.

இந்த வருஷமும் அதே தொட்டி, அதே செங்கல். கரண்டியை மட்டும் பூட்டி வைத்துவிட்டு டீஸ்பூன் வாங்கியிருக்கிறேன்.