கதாநாயகி கையில் துப்பாக்கி

காதல் குறுநாவல் எழுத உட்கார்ந்தபோது களத்தை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்: நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 78 டிகிரி வடக்கே இருக்கும் லாங்இயர்பியன். பனி, தனிமை, சின்ன ஊர். காதல் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை.

முதல் வரைவில் டிசம்பர் வைகறை ஒன்றில் இருவரும் சந்தித்தார்கள். படித்துப் பார்த்த தோழி கேட்டாள்: "அங்கே டிசம்பர்ல விடியவே விடியாதே?" உண்மைதான். அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் மறுபடி தொடுவானம் தாண்டும். அந்த வைகறைக்கு ஒன்றரைப் பக்கம் உவமை அடுக்கியிருந்தேன். மொத்தமும் குப்பைக்குப் போயிற்று.

அந்த வெட்கத்தில்தான் ஊரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நான் திணித்திருந்த வில்லன் (நாயகியின் பழைய காதலன், சோகமான மீசை) வேண்டாதவனாகிவிட்டான். அங்கே குடியிருப்பைத் தாண்டிப் போனால் துருவக் கரடியை விரட்டும் சாதனம் கையில் இருந்தாக வேண்டும். துப்பாக்கியும் எடுத்துப்போகச் சொல்கிறார்கள். ஊருக்குப் புதியவனான என் நாயகனுக்குச் சுடத் தெரியாது. வழிகாட்டியான அவளுக்குத் தெரியும். ஆக, முதல் தனிமைச் சந்திப்பிலேயே அவள் தோளில் துப்பாக்கி. அவன் மனப்பாடம் செய்துவந்ததைச் சொல்லத் தொடங்குகிறான். அவள், "நீ பேசிக்கிட்டே நட, நான் பின்னாடி பார்க்கணும்" என்கிறாள். ஆறு வாரமாக நகராமல் கிடந்த கதை அந்த ஒரு வரியில் நகர்ந்தது.

வெளிச்சத்துக்கு என்ன செய்வது என்று திணறியபோது நிலா கைகொடுத்தது. துருவ இரவில் முழுநிலவை ஒட்டிய பல நாள்கள் நிலா மறைவதே இல்லை, வானத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். "நிலா மறையறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்" என்று அவளால் சாக்குச் சொல்ல முடியாது. அந்த அத்தியாயம் ஒரே இரவில் முடிந்தது.

நடுப்பகுதி பற்றிச் சொல்ல அதிகமில்லை. இழுத்தது, வெட்டினேன்.

முடிவுதான் படுத்தியது. மலைகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் வருவது மார்ச் 8 வாக்கில்தான். பழைய மருத்துவமனையின் படிக்கட்டில் முதல் கதிர் விழுவதைப் பார்க்க ஊரே கூடும். அங்கேதான் காதலைச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். ஆனால் அத்தனை பேர் நடுவில் சொன்னால் நாடகமாகிவிடுகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்த பிறகு ஒன்று உறைத்தது: நவம்பரில் வந்த அவனை அவள் இதுவரை வெயிலில் பார்த்ததே இல்லை. காதல் வசனத்தை எடுத்துவிட்டு இதை மட்டும் வைத்தேன்:

"வெயில்ல நீ வேற மாதிரி இருக்க."

"நல்லாவா?"

"முதல்ல கொஞ்சம் நகரு. மறைக்குது."