வேலூரிலிருந்து வந்து அமெரிக்காவில் ஸ்கூல் சைக்காலஜி: சோதனை மேசையில் சறுக்கும் இடங்கள்

பாகாயம், காட்பாடி பக்கம் சைக்காலஜி படித்துவிட்டு வருபவர்களுக்கு அறிவுத்திறன் சோதனை புதிதல்ல. பினே-காமத், மாலின் ஸ்கேல், செகுவின் ஃபார்ம் போர்டு எல்லாம் கைக்குப் பழகியிருக்கும். அந்தப் பழக்கம்தான் முதல் செமஸ்டரில் காலை வாரும். பினே-காமத்தில் மன வயதை உண்மை வயதால் வகுத்து 100ஆல் பெருக்குவோம். இங்கே பயன்படும் வெக்ஸ்லர் (பிள்ளைகளுக்கான அறிவுத்திறன் சோதனை), 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தக் கணக்கு கிடையாது. அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் ஸ்கோர். சராசரி 100, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து ஸ்கோர்கள் பரவும் அளவு) 15.

அதனால் வயது பிசகினால் எல்லாமே பிசகும். 10-3-2025 அன்று சோதனை, பிறந்தது 25-8-2016 என்றால் ஒரு மாதத்தை 30 நாளாகக் கடன் வாங்கிக் கழிக்க வேண்டும்: 8 வயது, 6 மாதம், 15 நாள். நாளை மாதமாக உயர்த்தக் கூடாது. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இன்னொரு வம்பு உண்டு. பெற்றோர் படிவத்தில் 05-08-2016 என்று எழுதியிருப்பார்கள், ஆகஸ்ட் 5. இங்கே மாதத்தை முதலில் எழுதுவதால் அலுவலகத்தில் அதை மே 8 என்று ஏற்றிவிடுவார்கள். பிள்ளைக்கு மூன்று மாதம் கூடிவிடும், ஒப்பிடும் வயது அட்டவணையும் மாறலாம். பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுங்கள். பள்ளியில் சேர்க்க வசதியாக மாற்றிப் போட்ட தேதியா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

மேனுவலில் உள்ள வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் படிக்க வேண்டும். எண்களைச் சொல்லிப் பிள்ளையைத் திருப்பிச் சொல்ல வைக்கும் சப்டெஸ்டில் (சோதனையின் ஒரு பகுதி) நொடிக்கு ஒன்று, கடைசி எண்ணில் குரல் இறங்க வேண்டும். போன் நம்பர் சொல்வதுபோல் ரெண்டு ரெண்டாகச் சேர்த்துவிட்டால் பிள்ளைக்கு வேலை சுலபமாகி, ஸ்கோர் பொய்யாக ஏறும். சரியான பதிலுக்கு ‘வெரி குட்’ சொல்லக் கூடாது. முயற்சியை மட்டும் பாராட்டலாம். டீச்சர் வேலை பார்த்தவர்களுக்கு வாயைக் கட்டுவது பெரும் பாடு.

நேரம் ஓடும் சப்டெஸ்டுகளில் நம் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். பார்த்துக் குறிகளை வேகமாக வரையும் கோடிங் சப்டெஸ்டுக்கு 120 நொடிதான். கையெழுத்துக்கு அடி வாங்கிப் பழகிய பிள்ளை ஒவ்வொரு குறியையும் அழகாக வரைந்துகொண்டிருக்கும். ஸ்கோர் குறையும், ஆனால் அதை மந்தம் என்று எழுதிவிடக் கூடாது. வரைந்த விதத்தையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் வாயே திறக்காத பிள்ளைகளும் உண்டு.

வீட்டு மொழியை ‘தமிழ்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள். குடியாத்தம் பக்கம் வீட்டில் தெலுங்கு இருக்கலாம், ஆம்பூர், வாணியம்பாடியில் உருது. எந்த மொழியில் எத்தனை வருடம், பள்ளியில் எந்த மீடியம் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1970இல் முடிந்த டயானா வழக்கு, வீட்டில் ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்துச் சிறப்பு வகுப்பில் தள்ளியதால் வந்தது. அதற்காகக் கேள்விகளை நாமே தமிழாக்கிக் கேட்டுவிட்டு ஆங்கில அட்டவணையில் ஸ்கோர் தேடுவதும் தப்பு. வாய்மொழி தேவைப்படாத யூனிட் (UNIT), லைட்டர் (Leiter) போன்ற சோதனைகளைச் சேர்த்துக்கொள்வது நல்லது. சித்தியையோ அக்காவையோ மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். “நல்லா யோசிச்சு சொல்லுடா கண்ணு” என்பதே பாதி குறிப்பு.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், இந்தியாவில் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருந்தாலும் இங்கே மாநில உரிமம் தனி. தேசியத் தரப்படி இன்டர்ன்ஷிப் 1,200 மணி நேரம், அதில் 600 பள்ளியில்.

கடைசியில் பெற்றோர் மீட்டிங். 95 ஸ்கோர் என்பது சராசரிக்குள்தான், பர்சன்டைல் 37. அதைக் கேட்டதும் “பாஸ் மார்க்குக்கு ரெண்டுதான் மேலயா மேடம்?” என்பார்கள், 35 எடுத்தால் பாஸ் என்று வளர்ந்தவர்கள். பர்சன்டைலை மார்க்காகச் சொல்லாமல், அதே வயதில் 100 பேரை வரிசையில் நிறுத்தினால் இவனுக்குப் பின்னால் ஏறக்குறைய 37 பேர் என்று படம் போட்டுக் காட்டுங்கள். ஸ்கோரையும் 95 என்று ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், சுமார் 5, 6 புள்ளி இருபுறமும் விட்டு 89 முதல் 101 வரை என்று சொல்லுங்கள்.