பின்னால் காத்து நிற்கிறவர்கள்

27 ஜூலை 2025, ஞாயிறு

பின்னேரம் எங்கள் விளையாட்டுக் கழகக் கூட்டம். ஆகஸ்ட் 9, 10 இரண்டு நாளும் மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி. 16 அணிகள், அணிக்கு 5 ஓவர். இந்த முறை நேரம் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. “மாமா, டுபாயில நீங்க இந்த வேலதானே செய்தீங்க” என்று தலைவர் சொன்னதும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

ஓம், இந்த வேலைதான். 11 வருஷம் அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் மார்ஷலாக இருந்தேன். சின்ன வண்டியில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தக் குழு பிந்துகிறது, அதன் பின்னால் எத்தனை பேர் வெயிலில் காத்து நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிந்துகிறவர்களிடம் போய்ப் பேச வேண்டும். பார்ப்பது சுகம், பேசுவதுதான் பாடு.

போன வருஷ இறுதியாட்டம் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. முன்னைய ஆட்டங்கள் எல்லாம் இழுபட்டு, இறுதியாட்டம் தொடங்கவே ஐந்தரை தாண்டிவிட்டது. இன்னும் 2 ஓவர் இருக்கும்போது இருட்டிவிட்டது. மூன்று மோட்டார் சைக்கிள்களின் வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தார்கள். பந்து தெரியவில்லை. கடைசியில் நாணயத்தைச் சுண்டிக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். தோற்ற அணியில் ஒரு இடக்கைப் பந்துவீச்சாளன், 17 வயதிருக்கும். அடுத்த ஓவர் போட வேண்டியவன். எல்லாரும் கூடாரத்துக்குப் போன பிறகும் பந்தோடு நடுவில் நின்றான். அவனிடம் போய்ப் பந்தை வாங்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அவனை நினைத்துத்தான் சரி என்றேன்.

29 ஜூலை, செவ்வாய்

இரவு கொப்பியில் கணக்குப் போட்டேன்.

ஒரு ஆட்டத்துக்கு 60 பந்து. ஒவ்வொரு பந்துக்கும் 10 விநாடி வீணாகப் போனால் 10 நிமிடம். சனிக்கிழமை மட்டும் 10 ஆட்டம், அப்படியென்றால் 100 நிமிடம். இரண்டு ஆட்டம் விளையாடுகிற நேரம், யாரும் எதுவும் செய்யாமலே போய்விடுகிறது. 10 விநாடி என்றால் என்ன? மட்டையை ஒருமுறை மாற்றிப் பிடித்து, வலப்பக்கம் நிற்கிறவனை இடப்பக்கம் போகச் சொல்லி, பிறகு வேண்டாம் நீ அங்கேயே நில் என்று சொல்கிற நேரம்.

கோல்ஃபிலும் இதே கணக்குத்தான். நான்கு பேர் சேர்ந்து ஆடுகிறார்கள். ஆளுக்கு 90 முறை பந்தை அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அடிக்கும் 15 விநாடி கூட எடுத்தால் ஒன்றரை மணித்தியாலம் போய்விடும். அந்த ஒன்றரை மணித்தியாலம் அவர்களோடு முடிவதில்லை. 8, 10 நிமிட இடைவெளியில் பின்னால் வருகிற ஒவ்வொரு குழுவின் தலையிலும் அது விழும். ஒருவர் மெதுவாக ஆடினால் அது அவருடைய சொந்த விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் செலவழிப்பது மற்றவர்களின் நேரம்.

1 ஆகஸ்ட், வெள்ளி

அணித்தலைவர்களிடம் எப்படிப் பேசுவது என்று யோசித்துக்கொண்டே மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில் நடந்தேன். கச்சான் காற்று முகத்தில் அனலாக அடித்தது. பழைய ஞாபகம் ஒன்று வந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். வாட்டசாட்டமான நான்கு பேர், ஒவ்வொரு குழியிலும் சிரித்துக் கதைத்து, படம் எடுத்து, அடிக்கிற முறை வந்த பிறகுதான் எந்த மட்டை என்று பையில் தேடுவார்கள். அவர்களுக்கு முன்னால், ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு உள்ள தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு இடம் வெறுமையாகக் கிடந்தது. பின்னால் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மா ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மரமில்லாத இடத்தில் நின்றார். நான் நேரே போய், நீங்கள் மெதுவாக ஆடுகிறீர்கள், கொஞ்சம் கெதியாகப் போங்கள் என்றேன். அவ்வளவுதான். நாங்கள் காசு கட்டி விளையாடுகிறோம், நீ யார் சொல்ல என்று ஒருவர் கத்தினார். புகாரும் கொடுத்தார். அலுவலகத்தில் என்னைத்தான் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அன்றிரவு அறையில் சாப்பாடு இறங்கவில்லை.

எங்களோடு மூத்த மார்ஷல் ஒருவர் இருந்தார், கேரளக்காரர். மறுநாள் அவர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பிந்திய ஒரு குழுவிடம் போய், முதலில் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார். பிறகு, “முன்னால் இடம் காலியாக இருக்கிறது, நீங்கள் தாராளமாகப் போகலாம்” என்றார். அவர்கள் திரும்பி முன்னால் பார்த்தார்கள். காலியாகத்தான் இருந்தது. தாங்களே மட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வேகமான குழு பின்னால் வந்தால் ஒதுங்கி வழி விடுவது கோல்ஃபில் பழைய மரியாதை. அதையும் அவர் ஆணையாகச் சொல்லமாட்டார், “அவர்களை ஒருக்கால் விட்டுவிடுவோமா?” என்று கேட்பார். அதன் பிறகு பத்து வருஷம் நான் யாரையும் மெதுவான ஆள் என்று சொன்னதில்லை.

5 ஆகஸ்ட், செவ்வாய்

அணித்தலைவர்கள் கூட்டம். பள்ளிக்கூட மண்டபத்தில் ஆறு மணிக்கு என்று சொல்லியிருந்தோம். ஏழு ஆகும்போதுதான் 16 பேரும் சேர்ந்தார்கள்.

கோல்ஃபிலிருந்து எடுத்த மூன்று விஷயங்களைச் சொன்னேன். ஒன்று, ஆயத்தம். 2019இல் கோல்ஃப் விதிகளைத் திருத்தியபோது, தன் முறை வந்தால் 40 விநாடிக்குள் அடிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். அது சாத்தியமாக வேண்டுமென்றால் மற்றவர் அடிக்கும்போதே நீ உன் மட்டையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு அது என்னவென்றால், அடுத்த துடுப்பாட்டக்காரன் மரத்தடியில் ஃபோன் பார்க்கக் கூடாது, மட்டையோடு எல்லைக்கோட்டில் நிற்க வேண்டும். இரண்டு, பந்து தேடுதல். முன்பு 5 நிமிடம் தேடலாம், அதே 2019 திருத்தத்தில் 3 நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். பந்து கிடைக்காது என்று சந்தேகம் வந்தாலே இன்னொரு பந்தை அடித்துவிட்டுத்தான் தேடப் போவார்கள். நம் நடுவர்கள் சட்டைப்பையில் இரண்டு பந்து வைத்திருப்பார்கள். ஒன்று பக்கத்து வாவிக்குள் போனால் அடுத்ததை எடுத்து ஆட்டம் நடக்கும். மூன்றாவது, தண்டனை.

தண்டனை என்றதும் மண்டபம் சூடாகிவிட்டது. ஒருவர் எழும்பி, “அப்ப மெத்தியூசுக்குச் செய்த மாதிரி எங்களுக்கும் செய்யப் போறீங்களா?” என்று கேட்டார். 2023 நவம்பர் 6, டெல்லி. உலகக் கிண்ணத்தில் பங்களாதேஷுக்கு எதிராக அஞ்சலோ மெத்தியூஸ் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் ‘டைம்ட் அவுட்’, அதாவது குறித்த நேரத்துக்குள் ஆயத்தமாகவில்லை என்று ஆட்டமிழந்த நாள். சர்வதேச கிரிக்கெட்டில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள் அவர்தான். அந்தக் கோபம் இந்த ஊரில் இன்னும் ஆறவில்லை, எனக்கும்தான். ஹெல்மெட் பட்டி அறுந்துபோன மனிதன் சோம்பேறித்தனத்தால் பிந்தவில்லை. விதிப்படி சரி, ஆனால் அந்த முறையீட்டை எதிரணித் தலைவர் கேட்டிருக்கவே கூடாது.

அதையேதான் அவர்களிடமும் சொன்னேன். யாரையும் ஆட்டமிழந்தவர் என்று வெளியே அனுப்பமாட்டோம். முதலில் எச்சரிக்கை, பிறகுதான் தண்டனை. கோல்ஃபிலும் அந்த ஒழுங்குதான். 2013இல் மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டியில் ஆடிய குவான் தியன்லாங் என்ற சீனப் பையனுக்கு 14 வயது. இரண்டாம் நாள் 17ஆவது குழியில் மெதுவாக ஆடியதற்குத் தண்டனையாக அவன் கணக்கில் ஒரு அடியைக் கூட்டினார்கள். முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். பையன் வாதாடவில்லை. ஏற்றுக்கொண்டு ஆடி, கடைசி இரண்டு நாளுக்கும் தகுதி பெற்றான். தொழிலாக ஆடாத அமெச்சூர் வீரர்களில் அவன்தான் முதலாவதாக வந்தான்.

முடிவு இதுதான். பந்துவீசும் அணி 16ஆவது நிமிடத்துக்குள் கடைசி ஓவரின் முதல் பந்தைப் போட வேண்டும். தவறினால் எல்லையில் நிற்கிற ஒருவர் உள்ளே வர வேண்டும். சர்வதேச இருபது ஓவர் ஆட்டங்களில் 2022 ஜனவரியிலிருந்து இருக்கிற விதிதான் இது, புதிதாக நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. துடுப்பாடும் அணியில் அடுத்த ஆள் ஒரு நிமிடத்துக்குள் வராவிட்டால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை எதிரணிக்கு 5 ஓட்டம்.

வெளியே வரும்போது சின்னவன் ஒருவன், “மாமா, கோல்ஃப் நம்மட நாட்டில எங்க விளையாடுற?” என்றான். கொழும்பில் மைதானத்தின் நடுவாலேயே ரயில் போகும் என்றேன், நம்பவில்லை. நுவரெலியாவில் வெள்ளைக்காரன் காலத்து மைதானம் இருக்கிறது, நமக்குக் கிட்ட என்றால் திருகோணமலை சீனக்குடா என்றேன். ரயில் விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான்.

8 ஆகஸ்ட், வெள்ளி, போயா (பௌர்ணமி விடுமுறை)

மைதானம் துப்புரவு. நாலு பையன்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் கோப்பை, வெற்றிலைச் சரை, மாட்டுச் சாணம் எல்லாவற்றையும் அள்ளினோம். பந்துவீசுகிறவர்கள் கால் ஊன்றித் தோண்டிய குழிகளுக்குக் களிமண் போட்டு மட்டமாக்கினேன்.

கோல்ஃபில் மணற்குழிக்குள் இறங்கி அடித்தவர், வெளியேறும்போது தன் கால்தடத்தைத் தானே வாரிவிட்டுப் போவார். பக்கத்திலேயே வாரி கிடக்கும். 2019 வரை விதிப்புத்தகத்தின் முதல் பகுதியே நடத்தையைப் பற்றியதுதான், ஆட்ட விதிகள் அதற்குப் பிறகுதான் வரும். எனக்கு அந்த வரிசை பிடிக்கும்.

9 ஆகஸ்ட், சனி

காலை எட்டுக்குத் தொடங்கியது. முதல் ஆட்டம் 52 நிமிடம். வயிறு கலங்கிவிட்டது.

இரண்டாவது ஆட்டத்தில் ஒரு தலைவர் ஒவ்வொரு பந்துக்கும் ஆளை மாற்றினார். நான் மணிக்கூட்டைக் காட்டவில்லை. ஓவர் முடிந்ததும் தண்ணீரோடு போனேன். “தம்பி, நீங்க நிக்க வச்ச இடம் நல்லாத்தான் இருக்கு. அப்படியே விடுங்க” என்றேன். அவர் சிரித்தார். அடுத்த ஓவரில் ஒருமுறைதான் கை காட்டினார்.

மூன்றாவதில் பந்து நாணலுக்குள் போனது. ஆறு பேர் பாய்ந்தார்கள். நடுவர் பையிலிருந்து அடுத்ததை எடுத்து வீசினார், ஆட்டம் நடந்தது. தேடப் போனவர்கள் திரும்பிவந்து, தாங்கள் இல்லாமலே இரண்டு பந்து போய்விட்டதே என்று திகைத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கூட்டமாக ஓடவில்லை.

பகல் ஒரு கசப்பு. ஒரு அணியில் விக்கெட் விழுந்து ஒரு நிமிடம் போய்விட்டது, ஆளைக் காணவில்லை. முதல் முறை எச்சரித்தேன். அடுத்த விக்கெட்டுக்கும் அதே கதை, அடுத்த ஆள் அப்போதுதான் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தார். 5 ஓட்டம் கொடுக்கச் சொன்னேன். அந்த அணி 3 ஓட்டத்தால் தோற்றது. அவர்களோடு வந்த பெரியவர் ஒருவர் என் மேசைக்கு வந்து, ஊரான் நீ ஊருக்கே துரோகம் செய்துவிட்டாய் என்றார். எனக்குக் கை நடுங்கியது. பதில் சொல்லவில்லை. அடுத்து ஆட வேண்டிய இரண்டு அணிகளும் அவருக்குப் பின்னால் எல்லைக்கோட்டில் மட்டையோடு நின்றன. அவர் திரும்பியபோது அவர்களைக் கண்டார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

கடைசி ஆட்டம் 4.50க்கு முடிந்தது. 10 ஆட்டமும்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

பூசைக்குப் போகிற பையன்கள் இருப்பதால் ஒன்றரைக்குத்தான் ஆரம்பம். காலிறுதி இரண்டு, அரையிறுதி இரண்டு. எதிலும் நான் மேசையை விட்டு எழும்பவே தேவையிருக்கவில்லை. அடுத்த ஆள் எல்லைக்கோட்டில் நிற்பதைப் பையன்கள் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். பிந்தியவனை அவனுடைய அணிக்காரரே கூப்பிட்டார்கள்.

இறுதியாட்டம் 4.45. போன வருஷம் நாணயத்தில் தோற்ற அணி மீண்டும் வந்திருந்தது. இடக்கைப் பையனும் இருந்தான், ஒரு அங்குலம் வளர்ந்திருப்பான்.

கடைசி ஓவர் அவனுக்கு. எதிரணிக்கு 9 ஓட்டம் வேண்டும். மணி 5.22. வெயில் சாய்ந்து வாவி வெள்ளியாகக் கிடந்தது. பந்தின் மஞ்சள் நிறம் எல்லையிலிருந்தே தெரிந்தது. முதல் மூன்று பந்தில் 2 ஓட்டம்தான். நான்காவது பந்துக்கு அவன் தலைவர் ஓடிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், பையன் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்கு நடந்துவிட்டான். அந்தப் பந்தில் ஒன்று. ஐந்தாவது பந்து கொஞ்சம் குட்டையாக விழுந்தது. ஆறு.

ஆட்டம் முடிந்தது. ஒரு பந்து மிச்சம்.

பையன் அடித்தவனிடம் போய்க் கை கொடுத்தான். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்து வைத்தான்.

“மாமா, அடுத்த வருஷமும் நீங்கதானே?”

“பாப்பம் மனே” என்றேன்.

அவன் திரும்பிப் போய், தான் ஓடிவந்து கால் ஊன்றிய இடத்தைச் சப்பாத்தால் தேய்த்து மட்டமாக்கினான். விக்கெட் தடிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். பரிசளிப்பு தொடங்கும்போது மணி ஐந்தே முக்கால், நல்ல வெளிச்சம்.