பறந்த கொப்பியும் சிக்காகோக் கோபுரமும்

பழைய மாணவர் மலர்க்குழு கட்டுரை கேட்டுப் பலதரம் எழுதியும் நான் அசையவில்லை. பிறகு எங்கள் கணித ஆசிரியர் சேரின் மரண அறிவித்தல் வந்தது. பெயர் சொல்லத் தேவையில்லை. ஏ.எல். (உயர்தர) கணிதப் பிரிவில் இருந்தவர்களுக்குச் சேர் என்றால் ஒருவர்தான். (மற்ற ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.)

பிரயோக கணிதம் இடைவேளைக்குப் பிந்திய பாடம். கன்ரீன் வடையின் எண்ணெய் விரலில் காயமுன்னரே நிலையியல் தொடங்கிவிடும். அன்று சுவரில் சாத்திய ஏணிக் கணக்கு. எனக்கு விடை சரியாகவே வந்திருந்தது. சேர் கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

"விடை இருக்கு. விசை எங்கை?"

விசைகளைக் காட்டும் படம் கீறாமல் நேரே சமன்பாட்டுக்குப் போயிருந்தேன்.

"ரியூசனிலை தந்த குறுக்குவழியோ?" என்றார். கொப்பி யன்னலால் பறந்தது. கீழே ஒன்பதாம் வகுப்புக்கு உடற்பயிற்சிப் பாடம். நான் இறங்கிப்போய் எடுத்துக்கொண்டு படியேறும்வரை அத்தனை பேரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து எனக்குப் பட்டப்பெயர் "விசை". ரொறன்ரோ ஒன்றுகூடலில் இப்போதும் பிள்ளைகளின் முன்னால் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள்.

அந்தக் காலத்துக் கண்டிப்புத்தான் எங்களை ஆளாக்கியது என்று இந்த மலரிலேயே யாராவது எழுதியிருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினேழு வயதுப் பொடியனை அப்படி நடத்தக்கூடாது. ஆனாலும் கட்டிடப் பொறியியலாளனான எனக்குச் சோறு போட்டது "விசை எங்கை?" என்ற அந்தக் கேள்விதான், அதை மறைக்கவும் முடியாது.

மிக உயர்ந்த கட்டிடத்தில் பாரம் அவ்வளவு பெரிய சிக்கல் அல்ல. பாரம் நேரே கீழே போகும். தூணைத் தடிப்பாக்கினால் சரி. ஆளைப் பார்ப்பது காற்று. ஒரே அகலமான கட்டிடம் இரண்டு மடங்கு உயர்ந்தால், மேலே காற்று பலக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அடியில் அதைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்பம் நான்கு மடங்காகும். 1931இல் முடிந்த நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட், உள்ளே எங்கும் தூணும் பீமுமாக உருக்கை நிறைத்து இதைச் சமாளித்தது. தளப்பரப்பில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 206 கிலோ உருக்கு. 1970களில் சிக்காகோவில் எழுந்த சியர்ஸ் கோபுரம் (இப்போது வில்லிஸ் கோபுரம்) அதைவிட 60 மீற்றருக்கு மேல் உயரம், ஆனால் 161 கிலோதான்.

உருக்கை அப்படிக் குறைத்துக் காட்டியவர் டாக்காவில் பிறந்த பொறியியலாளர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான். தூண்களை விளிம்புக்குக் கொண்டுபோய், 15 அடிக்கு ஒன்றாக நெருக்கி நிறுத்தி, ஆழமான பீம்களால் இணைத்து, கட்டிடத்தையே நிலத்தில் நட்ட குழாய் ஆக்கினார். சியர்ஸில் 75 அடிச் சதுரமான ஒன்பது குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. 50ஆம் மாடியோடு இரண்டு நின்றுவிடும், 66இல் இரண்டு, 90இல் மூன்று. மிச்சம் இரண்டுதான் உச்சிவரை.

அதில் எனக்குப் பிடித்தது மூட்டு. இரண்டு மாடி உயரத் தூணையும் அதன் இருபுறமும் நீளும் அரைப் பீம்களையும் பட்டறையிலேயே வெல்டிங் செய்து, கிளை விரித்த மரம்போலக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பக்கத்து மரத்தோடு பீமின் நடுவில் போல்ட் பூட்டு. காற்று தள்ளும்போது பீமின் நடுவில்தான் அதை வளைக்கப் பார்க்கும் திருப்பம் ஏறக்குறையப் பூச்சியம். கஷ்டமான மூட்டுகளைப் பட்டறையில் முடித்துவிட்டு, சும்மா கிடக்கிற இடத்தில் போல்ட்டைப் போட்டால் போதும். விசை எங்கே இல்லை என்று தெரிந்தவருக்குத்தான் இது தோன்றும். மனுசன் நிச்சயம் படம் கீறியிருப்பார்.

கான் 1952இல் அமெரிக்காவுக்குப் படிக்க வந்தவர். ஊருக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி சிக்காகோவுக்கே வந்தார். 1971 பங்களாதேஷ் போரின்போது சிக்காகோவிலிருந்து ஊருக்காக ஆதரவு திரட்டினார். 1982இல், 52 வயதில், ஜெத்தாவில் இறந்தார். அடக்கம் செய்தது சிக்காகோவில். நான் திரும்பிப் போய்ப் பார்க்கவும் இல்லை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சேர் மரத்தடியில் ஏ.எல். வகுப்பு நடத்தினாராம். அப்போது நான் பனிக்குள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

பல வருடம் கழித்துத் தொலைபேசியில் சேரிடம் சியர்ஸ் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். போல்ட் விசயம் வந்தபோது "ஓ, அது கெட்டித்தனம்" என்றார். அப்புறம், "இஞ்சை எங்கடை மண்டபக் கூரை ஒழுகுது" என்றார்.

பழைய மாணவர் சங்கம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுக்கும் புதிய மூன்று மாடித் தொகுதியின் வரைபடங்களை என்னிடம் பார்க்க அனுப்பினார்கள். எல்லாம் கொங்கிறீற்று. கடற்காற்றில் உருக்கு துருப்பிடிக்கும், அந்த உயரத்துக்கு அது தேவையும் இல்லை. கீறியவர் கிளிநொச்சியில் பொறியியல் படித்த பொடியன். சுத்தமான வேலை, திருத்தச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பாராட்டி எழுதினேன். "திறப்பு விழாவுக்கு வாங்கோ அங்கிள்" என்று பதில் போட்டார். லீவு கிடைக்கவில்லை. காசு அனுப்பினேன்.