சத்தம் வராத பழைய கணினியும் லினக்ஸ் பரீட்சையும்

எல்.பி.ஐ.சி. என்ற லினக்ஸ் சான்றிதழ்ப் பரீட்சையின் முதலாம் நிலைக்குப் படிக்கிற ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது, "நல்ல லெப்டொப் இல்லாமல் படிக்கலாமா அண்ணா?" என்பதுதான். தாராளமாகப் படிக்கலாம். 101ஆம் வினாத்தாளின் முதல் பகுதியான வன்பொருள் அமைப்புக்கு யாரோ ஒதுக்கி வைத்த பென்டியம் 4 மெஷினே மேல். புது லெப்டொப்பில் லினக்ஸ் போட்டால் அநேகமாக எல்லாம் தானாகவே வேலை செய்துவிடும், தோண்டிப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

அந்த மெஷினில் சவுண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சரியா பிழையா என்று காதே சொல்லிவிடும். தனி சவுண்ட் காட் இருந்தால் முதலில் கழற்றி, ஸ்லொட்டுக்குள் போகும் விளிம்பை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். நம்மூர் ஈரத்தில் அந்த முனைகள் கறுத்துப்போகும், அதற்காக டிரைவரை, அதாவது காட்டை இயக்கும் மென்பொருளை, திட்டக்கூடாது.

இனி டேர்மினலில் எல்எஸ்பிசிஐ -கே கொடுங்கள். பிசிஐ வழியாக இணைந்த பாகங்களையும் அவற்றின் டிரைவர்களையும் காட்டும் கட்டளை அது. இன்டெல் 845, 865 சிப்செட் மதர்போட் என்றால் ஏசி97 ஓடியோ கன்ட்ரோலர் வரியும், அதன் கீழே பாவனையில் உள்ள கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவராக ஸ்னட்_இன்டெல்8எக்ஸ்0 என்பதும் தெரியும். அந்த மொடியூலை, அதாவது கேர்னலில் வேண்டும்போது ஏற்றிக் கழற்றக்கூடிய துண்டை, ஆர்எம்மொட் கொடுத்துக் கழற்றிப் பாருங்கள். பல தடவை, பாவனையில் இருக்கிறது என்று மறுத்துவிடும். யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? ஏறியுள்ள மொடியூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மொட் காட்டும் மூன்றாவது நிரலில் உள்ள எண்ணைப் பாருங்கள், பிறகு டெவ்/ஸ்னட் கோப்புகள் மீது, அவற்றைத் திறந்து வைத்திருப்பது யார் என்று சொல்லும் ஃபியூசரை ஓட்டுங்கள். பெரும்பாலும் பல்ஸ்ஓடியோ போன்ற, பின்னணியில் ஓடும் சவுண்ட் சேவை ஒன்றுதான் மாட்டும். அதை நிறுத்தி, கழற்றி, மொட்ப்ரோப் கொண்டு திரும்ப ஏற்றுங்கள். அடுத்து அதையே இன்ஸ்மொட்டால் செய்து பாருங்கள். தேவையான மற்ற மொடியூல்களை அது தேடி எடுக்காது, முழுப் பாதையையும் நீங்களே கொடுக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

எல்லாம் ஏறியும் சத்தம் இல்லையா? சத்த அளவைச் சரிசெய்யும் அல்சாமிக்சரைத் திறந்து பாருங்கள். மாஸ்டர், பிசிஎம் இரண்டின் கீழும் எம்எம் என்று இருந்தால் மியூட்டில் கிடக்கிறது என்று அர்த்தம், எம் விசையை ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

இரண்டாம் நிலைக்குப் போகிறவர்களுக்குக் கேர்னல் கம்பைல் செய்வதும் பாடத்தில் உண்டு. அதற்கு இன்னும் பழைய பெட்டி ஒன்றில் ஐஎஸ்ஏ (பிசிஐக்கு முந்திய ஸ்லொட் வகை) சவுண்ட் பிளாஸ்டர் 16 காட் கிடைத்தால் விடாதீர்கள். அது பிசிஐ இல்லை என்பதால் எல்எஸ்பிசிஐ காட்டாது. 32 பிட் கேர்னலின் மெனுகொன்ஃபிக் என்ற அமைப்பு மெனுவில் ஐஎஸ்ஏ ஆதரவைத் திறந்து, அல்சா என்ற சவுண்ட் பகுதியின் கீழ் எஸ்பி16ஐ எம் என்று, அதாவது மொடியூலாகத் தெரிவு செய்யுங்கள். பிளக் அன்ட் பிளே இல்லாத காட் என்றால் போட் 0x220, ஐஆர்கியூ 5, டிஎம்ஏ 1, 16 பிட் டிஎம்ஏ 5 என்று எல்லாவற்றையும் மொடியூலை ஏற்றும்போது கையால் கொடுக்க வேண்டும். மொட்இன்ஃபோ -பி கொடுத்தால் என்னென்ன கொடுக்கலாம் என்ற பட்டியல் வரும். இப்போதைய கேர்னல்களில் இருப்பது அல்சா, 2003 டிசம்பரில் வந்த 2.6இல் ஓஎஸ்எஸ் என்ற பழைய சவுண்ட் அமைப்பின் இடத்தைப் பிடித்தது. அதற்கு முந்திய வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் குழம்பிவிடுவீர்கள்.

பென்டியம் 4இல் முழுக் கேர்னலைக் கம்பைல் செய்வது இரவு முழுக்க ஓடும் வேலை. மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக் கொடுத்தால் அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மொடியூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். ஆகவே பென் டிரைவ், பிரிண்டர் எல்லாம் முன்கூட்டியே மாட்டி வையுங்கள். மழையோடு கரன்ட் போனால் பதற வேண்டாம், திரும்ப மேக் கொடுத்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பழைய கேர்னலை மட்டும் கிரப் என்ற பூட் மெனுவிலிருந்து அழித்துவிடாதீர்கள்.

பரீட்சையைப் பற்றி: முதலாம் நிலைக்கு 101, 102 என்று இரண்டு தாள். ஒவ்வொன்றிலும் 60 கேள்வி, 90 நிமிடம். புள்ளி 200இலிருந்து 800 வரை, 500 எடுத்தால் சித்தி. தெரிவு வினாக்களோடு, கட்டளையை நீங்களே தட்டச்ச வேண்டிய கேள்விகளும் வரும். அங்கே எழுத்துப் பிசகினால் பிசகியதுதான். இடிசி/மொட்ப்ரோப்.டி என்பது அடைவின் பெயர், அதற்குள் வைக்கும் கோப்பின் பெயர் .கொன்ஃப் என்று முடிய வேண்டும். சவுண்ட் காட்டுக்குத் தெரிவுகளை அங்கே எழுதி, ரீபூட் செய்து, அடுத்த நாளும் சத்தம் வருகிறதா என்று பார்த்தவர்கள் இப்படியான கேள்வியில் தடுமாற மாட்டார்கள்.